கொட்ட வேண்டிய தண்ணீர்

நோயாளி இருக்கும் வீட்டுக்குச் சமைக்கப் போகிறீர்களா? சட்டியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேளுங்கள். இந்த வீட்டில் எந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும்?

நான் கேட்கவில்லை. பதினெட்டு வருஷம் வீடு வீடாகப் போய்ச் சமைத்தவள் நான். அதில் பதினாறு வருஷம், வெந்த தண்ணீரில் ஒரு சொட்டைக்கூடக் கழுவுதொட்டியில் கொட்டியதில்லை என்று பெருமை பேசிக்கொண்டு திரிந்தேன்.

போன வருஷம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. கொதிக்கிற சட்டியைத் தூக்கும் கை நடுங்கக் கூடாது, விட்டுவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் வேலை நின்றுபோனால் கால் மட்டும் நிற்க மாட்டேன் என்கிறது. செமிலிங்கில் என் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் வரை நடந்து போகிறேன். பஸ் வருகிறது, ஏறாமல் திரும்பி வருகிறேன். நீங்கள் நாலு பேர் புதிதாக இந்த வேலைக்கு வந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். மசாலா அளவெல்லாம் கைப்பேசியில் கிடைக்கும். கிடைக்காத ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நம் வேலையில் சாறுதான் எல்லாம். பிள்ளை பெற்றவளுக்கும், காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கும், பல் கட்டிய கிழவருக்கும் நாம் கொடுப்பது சாறுதான்; சோறு அதற்குத் துணைக்கு வரும். அதிலும் இரண்டு உண்டு. வெறும் எலும்பைப் போட்டு, உப்பில்லாமல், நேரம் எடுத்து இறக்குவது அடிச்சாறு. அது தனியாக நிற்காது, இன்னொரு குழம்புக்காகக் காத்திருக்கும். கறியும் மிளகும் உப்பும் சேர்ந்து, இறக்கிய கையோடு குடிக்கக் கொடுப்பது சூப்பு. அது யார் குடிக்கப் போகிறார் என்று முகத்தைப் பார்த்து வைப்பது.

ஆட்டெலும்பு காலையில் அடுப்பேறினால் மத்தியானம்தான் வாய் திறக்கும். ஆறிய பிறகு உறைந்துபோய்க் கரண்டியை நிற்கவைத்தால், அன்றைக்கு நமக்கு நல்ல நாள். கோழி அவசரக்காரி, ஒரு மணி நேரத்தில் இருப்பதையெல்லாம் கொடுத்துவிடுவாள், அதற்கு மேல் அடுப்பில் விட்டால் கலங்கி அழுவாள். நெத்திலி, தலையைக் கிள்ளிப் போட்டாலும், மடியில் உப்பை ஒளித்துக்கொண்டுதான் சட்டிக்குள் வரும். முருங்கைக் காம்பும் முள்ளங்கியும் வெந்த தண்ணீருக்கு மழை நின்ற பிறகு வருகிற வாசம். பருப்புத் தண்ணீர், ரசத்துக்குள் போய் ஊர் பேர் தெரியாமல் கரைந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் ஒரே தொழில். எலும்பில் இருப்பதை, காயில் இருப்பதைத் தண்ணீருக்குள் இறக்குவது. தண்ணீருக்குள் இறங்கியது குடிப்பவருக்குள் இறங்கும். அது அவருக்கு ஆகிறதா இல்லையா என்பது சட்டிக்குத் தெரியாது. சமைக்கிறவளுக்குத் தெரிய வேண்டும்.

இதை நான் கற்றுக்கொண்ட வீடு திகாம் பத்துவில் இருந்தது.

குரூண் போகிற சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு தாமான் குடியிருப்பு. வரிசை வீடுகளில் கடைசிக்கு முந்தியது. தங்கராசு அண்ணன் செம்பனைக் குலை ஏற்றுகிற லோரி ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சுங்கைப்பட்டாணிக்கு ரத்தம் கழுவப் போய்வந்தார். மனைவி லெட்சுமி அக்கா. ஒரே மகள் ஷாமினிக்குக் கூலிம் ஹைடெக் பூங்காவில் வேலை, பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட். இன்னும் மூன்று மாதத்தில் அவளுக்குக் கல்யாணம். என்னைக் கூப்பிட்டவளும் அவள்தான்.

"அம்மாவுக்குக் கல்யாண வேலை ஓடிக்கிட்டே இருக்கு ஆண்ட்டி. அப்பா சாப்பாட்டத் தொட மாட்றாரு. நீங்க வந்து அவர நல்லா சாப்பிட வச்சாப் போதும். மணவறையில எழுந்து நிக்கணும் அவரு, அவ்ளோதான். வீல்சேர்ல ஒக்காந்துக்கிட்டு என் கையப் புடிச்சுக் குடுக்க மாட்டேன்னு அழறாரு."

அவர் எழுந்து நிற்க வேண்டும். அதற்குத் தெம்பு வேண்டும். தெம்புக்குச் சூப்பு. என் கணக்கு அந்தத் தொலைபேசிப் பேச்சிலேயே முடிந்துபோனது.

அந்த வீட்டுச் சமையலறை மேசையில் ஒரு மினரல் போத்தல் நின்றது. பாதி உயரத்தில் கறுப்பு மையால் ஒரு கோடு. காலையில் லெட்சுமி அக்கா அந்தக் கோடு வரைக்கும் தண்ணீர் பிடித்து வைப்பார். அன்றைய பொழுதுக்கு அண்ணனுக்கு அவ்வளவுதான். மாத்திரைக்கும் அதில்தான், கோப்பிக்கும் அதில்தான்.

"இவ கஸ்டம்ஸ் ஆபீசர் தங்கச்சி" என்றார் அண்ணன், நான் போன முதல் நாளே. "ஒரு சொட்டு பார்டர் தாண்டாது."

"பேசாம இருங்க. பேசுனா தொண்ட காயும், அப்பறம் அதுக்கு வேற கேப்பீங்க."

"பாத்தியா? பேச்சுக்கும் வரி போடுறா."

சிரித்தார். உதடு வெடித்திருந்தது, சிரிக்கும்போது வலித்திருக்க வேண்டும், விரலால் தொட்டுக்கொண்டார்.

பிரிட்ஜ் கதவில் ரத்தம் கழுவுகிற நிலையத்தில் கொடுத்த தாள் ஒன்று காந்தம் வைத்து ஒட்டியிருந்தது. அதன் மேலே, அதே காந்தத்தில், கல்யாணப் பத்திரிகையின் மாதிரி. நான் பத்திரிகையைப் படித்தேன்.

உப்பு ஆகாது என்பது எனக்குத் தெரியும். உப்பைப் பாதியாகக் குறைத்தேன், அதோடு என் கடமை தீர்ந்ததாக நினைத்துக்கொண்டேன். முதல் நாள் கோழி. இரண்டாம் நாள் ஆட்டெலும்பு, காலையிலிருந்து. கொத்தமல்லி கிள்ளிப் போட்டு, மிளகைத் தட்டி, ஒரு கிண்ணத்தில் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன். இரண்டு கையாலும் ஏந்திக் குடித்தார். கீழே வைத்தபோது கிண்ணத்தின் அடியில் மிளகுத் துணுக்குகூட இல்லை. லெட்சுமி அக்கா அடுப்படிக்குத் திரும்பி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எத்தன மாசமாச்சு இவரு ஒண்ண முழுசாச் சாப்பிட்டு" என்றார் என்னிடம், குரல் இறக்கி.

அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஒரு கிண்ணம், சாயங்காலம் ஒன்று. சோற்றுக்கு ரசம். போத்தல் அதன் இடத்திலேயே நின்றது. கோட்டுக்கு மேல் ஒரு சொட்டு போகவில்லை, அக்கா அதில் கண்ணாக இருந்தார். சூப்பு சாப்பாட்டோடு சேர்ந்தது. ரசம் சோற்றோடு சேர்ந்தது. அதைப் போய் யார் போத்தல் கணக்கில் சேர்ப்பார்கள்? அக்காவுக்குத் தோன்றவில்லை, ஷாமினிக்குத் தோன்றவில்லை, பதினாறு வருஷம் சாறு வடித்த எனக்கும் தோன்றவில்லை.

இரண்டாவது வாரம் அவர் கணுக்காலில் காலுறை பதிந்த தடம் சாயங்காலம் வரை மறையாமல் கிடந்தது. பார்த்தேன். வயசாகிறது என்று நினைத்து வெங்காயம் உரிக்கப் போனேன்.

திங்கட்கிழமை. நினைவில் வையுங்கள், சனிக்கும் செவ்வாய்க்கும் நடுவில்தான் அவர்களுக்கு இடைவெளி அதிகம். உள்ளே போனதெல்லாம் வெளியே வழியில்லாமல் தேங்கி நிற்கும். அக்கா முகூர்த்தப் புடவை எடுத்து வர சுங்கைப்பட்டாணிக்குப் போயிருந்தார். ஷாமினி ஷிஃப்டில், தொழிற்சாலைக்குள் போனால் போன் லாக்கருக்குள் போய்விடும். வீட்டில் அண்ணனும் நானும். பதினொரு மணி இருக்கும்.

நாற்காலியில் முன்னால் சாய்ந்து, முழங்காலில் கை ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே?"

"படுக்க முடியல. படுத்தா மூச்சு முட்டுது."

"வெறும் வயித்துல இருக்கீங்க. காலையில பசியாறவே இல்லையே."

நான் அடுப்பைப் பற்றவைத்தேன். ஞாயிற்றுக்கிழமை சூப்பு மிச்சம் இருந்தது, உறைந்து, கரண்டி நிற்கிற பதத்தில். சூடாக்கிக் கிண்ணத்தில் ஊற்றிக் கொண்டுபோனேன்.

"ரெண்டு வாய் குடிங்க, தெம்பு வரும்."

கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை கொஞ்சம் நீண்டது. அதைக் கவனிக்க எனக்குப் பொறுமை இல்லை. குடிக்கட்டும் என்று கிண்ணத்தை இன்னும் கிட்டே நீட்டினேன். வாங்கிக் குடித்தார். முழுவதும் குடித்தார்.

அரை மணி நேரத்தில் உதடு நிறம் மாறியது. இருமினார், வாயோரம் நுரை வந்தது. கரையில் உட்கார்ந்திருக்கிற மனுஷன் முங்குகிற மாதிரி மூச்சுக்கு வாயைத் திறந்து திறந்து மூடினார். பக்கத்து வீட்டுப் பாச்சிக்கைக் கத்திக் கூப்பிட்டேன். அந்த மலாய்க்காரப் பெரியவர் சட்டை மாட்டாமலே வாசலில் நின்ற காடியை ஸ்டார்ட் செய்தார். பின் சீட்டில் நான் அண்ணனின் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டேன். கையில் கொத்தமல்லி வாசம். வழியெல்லாம் அந்த வாசம்தான்.

ஒன்று சொல்கிறேன். ஒருவருக்கு என்ன ஆகிறது என்று தெரியாத நேரத்தில் நம் கை சும்மா இருக்காது, தெரிந்த வேலையைச் செய்யும். எனக்குத் தெரிந்தது சூப்பு. கை அடுப்புக்குப் போனது. அது போனுக்குப் போயிருக்க வேண்டும். நடுங்காத கையைக்கூட நம்ப முடியாது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் உடனே மெஷினில் போட்டார்கள். லெட்சுமி அக்கா புடவைப் பையோடு ஓடிவந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த வார்டு மிஸி நர்ஸ் உடுப்போடு வெளியே வந்தார். குள்ளமான பெண், என்னைவிடப் பத்து வயது குறைவு. அவர் பெயரை நான் கடைசி வரை கேட்டுக்கொள்ளவில்லை. கையில் ஒரு பேனா, ஒரு அட்டை.

"எவ்ளோ தண்ணி குடிக்கிறாரும்மா?"

"அரைப் போத்தல்தான் மிஸி. கோடு போட்டு வச்சிருக்கேன். வேணும்னா சாமி மேல சத்தியம் பண்றேன்."

"சத்தியம் வேணாம். காலையில என்ன?"

"கோப்பி. அது போத்தல் கணக்குலதான்."

"மத்தியானம்?"

"சோறு, ரசம். அப்பறம் சூப்பு. இந்தத் தங்கச்சிதான் வைக்கிது, நல்ல எலும்பு சூப்பு. அதக் குடிச்சுத்தான் இப்ப ரெண்டு வாரமா கொஞ்சம் தேறி வந்தாரு."

பேனா நின்றது.

"சூப்பு எவ்ளோ?"

"ஒரு கிண்ணம். சாயந்தரம் ஒண்ணு."

"அது எங்கம்மா போவும்? உள்ள போயி எலும்பா மாறிடுமா?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் புடவைப் பையைப் பார்த்தேன்.

"சூப்பு தண்ணி, ரசம் தண்ணி, கஞ்சி தண்ணி, ஐஸ் கட்டியும் தண்ணி" என்றார் மிஸி. அதட்டவில்லை, பல பேரிடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த குரல். பிறகு என் பக்கம் திரும்பினார். "எலும்புலருந்து எறங்குறது, காயிலருந்து எறங்குறது, அதையும் அவரு ஒடம்பு வெளிய தள்ளாதுக்கா. நீங்க நல்லா சமைக்கிறீங்க. பிரச்சனையே அதுதான்."

பதினாறு வருஷத்தில் என் சமையலைப் பற்றி யாரும் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை.

அன்று காலையில் கொடுத்த கிண்ணத்தைப் பற்றி மட்டும் நான் வாய் திறக்கவில்லை. அக்கா கேட்கவுமில்லை. என்னை ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பஸ்ஸில் திரும்பும்போது மடியில் புடவைப் பையை வைத்துக்கொண்டு, கடைசி நிறுத்தம் வரை, "கோடு போட்டேனே, கோடு போட்டேனே" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

அண்ணன் பிழைத்தார். நான் வேலையை விடுகிறேன் என்றேன், ஷாமினி விடவில்லை. "இனி சரியாச் செய்ங்க ஆண்ட்டி" என்றாள், அவ்வளவுதான். பிரிட்ஜிலிருந்து பத்திரிகையை எடுத்து வேறு இடத்தில் ஒட்டிவிட்டுத் தாளைப் படித்தேன். அந்த வார்டு மிஸியிடம் போய்க் கற்றுக்கொண்டேன்.

காயைச் சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்ட வேண்டும். பிறகுதான் சமையல். முதல் நாள் கீரை. தொட்டியில் சாய்த்தபோது பச்சையாக, ஆவி பறக்க இறங்கி ஓடியது. கீரையின் வாசமெல்லாம் அதில்தான் இருந்தது. குழாய்க்குள் அது போகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆயுசு முழுக்க எதைச் சேர்த்தேனோ அதைக் கொட்டி, எதை வீசினேனோ அதைத் தட்டில் வைத்தேன்.

"என்ன தங்கச்சி இது, தொவச்சுக் காயப்போட்ட கேரட்டா?"

"சாப்பிடுங்கண்ணே."

"வெள்ளத்துல நாலு நாளு கெடந்த மாதிரி இருக்கு. நானும் அப்படித்தான் கெடந்தேன்னு சொல்லு, ஒருத்தர ஒருத்தர் தின்னுக்குறோம்."

வெங்காயத்தைச் சிவக்க வதக்கி, பூண்டைக் கருகும் பதத்துக்குக் கொண்டுபோய், மிளகையும் சீரகத்தையும் வறுத்துப் பொடித்து, தண்ணீர் இல்லாமல் ருசி கொண்டுவரப் பழகினேன். வாயில் போட்டால் நன்றாகத்தான் இருக்கும். தொண்டைக்குள் இறங்கும்போது துணையில்லாமல் இறங்கும்.

ஒரு நாள் அக்கா பத்திரிகை வைக்கப் பீடோங்குக்குப் போயிருந்தார். கேட்டுவிட்டேன்.

"அண்ணே, அன்னிக்குக் கிண்ணத்தக் குடுத்தப்ப என்னையப் பாத்தீங்களே."

அவர் போத்தலை உருட்டிக்கொண்டிருந்தார். தண்ணீர் கோட்டுக்கு வெகு கீழே இருந்தது.

"சூப்பும் தண்ணின்னு எனக்குத் தெரியும். மொத மாசமே ரத்தம் கழுவுற எடத்து மிஸி சொல்லிருச்சு. ஒவ்வொரு தடவையும் எடை பாத்துட்டு ஏசும்."

"தெரிஞ்சுமா? ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திடுவீங்கல்ல."

கையிலிருந்த கத்தியைக் கீழே வைத்தேன்.

"தாகம்னா என்னன்னு நீ நெனைக்கிறியோ, அது இல்ல தங்கச்சி இது. லோரி நின்னுபோயி எஸ்டேட் ரோட்டுல நாள் பூரா வெயில்ல நின்னுருக்கேன், அதுல்லாம் ஒண்ணுமில்ல. இப்ப எச்சி முழுங்குனா எனக்கே சத்தம் கேக்குது." போத்தலை நிமிர்த்தி வைத்தார். "லெட்சுமிகிட்ட சொல்லிடாத. அவ கோடு போட்டு வச்சிருக்கா. அவ தப்பு ஒண்ணுமில்லன்னே இருக்கட்டும்."

"சரிண்ணே."

"கல்யாணம் வரைக்கும் கொட்டு. எல்லாத் தண்ணியையும் கொட்டு. நான் சக்கையத் திங்கிறேன்."

தின்றார். ரெண்டரை மாதம், ஒரு நாள் தவறாமல். ரத்தம் கழுவுகிற இடத்து மிஸி எடை பார்த்துவிட்டு முதல்முறையாகப் பாராட்டியதாக வந்து சொன்னார். சொல்லும்போது பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கியவர் மாதிரி இருந்தார். உடம்பு மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நின்றது.

கல்யாணத்தன்று நின்றார். சுங்கைப்பட்டாணி மண்டபத்தில், பட்டு வேட்டியும் ஒரு சுற்றுப் பெரிய சட்டையுமாக, மணவறைப் படியில் யார் கையையும் பிடிக்காமல் ஏறினார். வீல்சேர் தூணுக்குப் பின்னால் சும்மா இருந்தது. தாரை வார்க்கிற நேரம். ஷாமினியின் கை மேலே அவர் கை. செம்பிலிருந்து லெட்சுமி அக்கா நீர் வார்க்க வேண்டும். அக்கா செம்பைச் சாய்த்தார். நூல் மாதிரி விழுந்தது தண்ணீர். விழுந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

"தாராளமா ஊத்துங்கம்மா" என்றார் ஐயர்.

அக்கா கொஞ்சம் சாய்த்தார். மறுபடியும் நூல்தான். இரண்டு வருஷமாகக் கோடு பார்த்த கை, அதற்கு மேல் சாயவில்லை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. விரலிடுக்கில் வழிந்து தாம்பாளத்தில் சொட்டிய தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வாரம் போனது. இதயம் பலவீனம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஒரு திங்கட்கிழமை, நான் கேரட் வெந்த தண்ணீரைத் தொட்டியில் சாய்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார்.

"நின்னுட்டேன்ல தங்கச்சி."

"ஜம்முனு நின்னீங்கண்ணே."

"அப்ப ஒரு கிண்ணம் வை. எலும்பு சூப்பு. கரண்டி நிக்கிற மாதிரி."

"அண்ணே..."

"நான் பச்சப்புள்ள இல்ல. தெரிஞ்சுதான் கேக்குறேன்."

என் முன்னால் அந்தக் காடியின் பின் சீட்டு வந்து நின்றது. நுரை வந்தது. கொத்தமல்லி வாசம் வந்தது.

"முடியாதுண்ணே. வார்டு மிஸியக் கேட்டுட்டு வைக்கிறேன்."

"நீயும் கஸ்டம்ஸ்ல சேந்துட்டியா?" என்றார். சிரிக்கப் பார்த்தார். ஒரு ஐஸ் கட்டி கொடுத்தேன். வாங்கிக்கொள்ளாமல் அறைக்குள் போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். கட்டி என் கையிலேயே கரைந்தது.

மிஸியை நான் கேட்கவில்லை. செவ்வாய் வந்தது, வியாழன் வந்தது. கேட்கப் போனால் பழைய கிண்ணத்தைப் பற்றிய பேச்சும் வரும். அன்றைக்குக் காலையில் மூச்சு முட்டினவருக்குச் சூப்பு ஊற்றியது நான்தான் என்று சொல்ல வேண்டி வரும். அந்தப் பயத்தில் நாளைத் தள்ளினேன். அவரும் மறுபடி கேட்கவில்லை. இரண்டாவது ஞாயிறு மத்தியானம், சாய்வு நாற்காலியில் தூங்கியவர் எழுந்திருக்கவில்லை. மேசையில் அன்றைய போத்தல் இருந்தது. கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வரை தண்ணீர்.

சாவுக்கு அந்த வார்டு மிஸி வந்திருந்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், ஒரு கிண்ணம் கேட்டார், கொடுத்திருக்கலாமா என்று.

"கிண்ணம் முடியாதுக்கா. அரைக் கப்பு குடுத்திருக்கலாம். எலும்பு கொதிச்ச மொதத் தண்ணியக் கொட்டிட்டு, உப்பு போடாம வச்சு, போத்தல்ல அரைக் கப்பு கொறச்சுட்டு." மற்றக் காலில் செருப்பை மாட்டினார். "கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

கேட்டிருந்தால். கொடுக்கக் கூடாத நாளில் கேட்காமல் கொடுத்தேன். கொடுக்கக்கூடிய நாளில் கேட்காமல் மறுத்தேன். கொடுப்பதற்கும் மறுப்பதற்கும் நடுவில் அரைக் கப்பு அளவுக்கு ஓர் இடம் இருந்திருக்கிறது. அதைக் காட்டக்கூடிய ஆள் ஒரு போன் தூரத்தில் இருந்திருக்கிறார். உங்களுக்கு இந்த வேலையில் பயம் வரும், வரட்டும். பயத்தோடு போய்க் கேளுங்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவருக்குப் பிடித்ததை வைத்துப் படைப்பது வழக்கம். லெட்சுமி அக்கா முதல் நாளே போன் செய்தார்.

"எலும்பு சூப்பு நீதான் வைக்கணும்."

காலையில் போய் அடுப்பை மூட்டினேன். மத்தியானம் வரை அடுப்பை விட்டு நகரவில்லை. எதையும் கொட்டவில்லை. கூடத்தில் படத்துக்கு முன்னால் இலை போட்டிருந்தார்கள். புதுத் தாலிக்கொடியோடு ஷாமினி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். நான் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பின்னால் நகர்ந்தேன். அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அந்தத் திங்கக்கிழம காலையிலயும் ஒரு கிண்ணம் குடுத்தியாமே."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. உன்கிட்ட கேக்கக் கூடாதுன்னாரு, அதான் கேக்கல." குரல் ஒரே அளவில் இருந்தது. "நல்லாக் குடிச்சாரா?"

"ஒரு சொட்டு வைக்காம குடிச்சாருக்கா."

அக்கா தலையாட்டினார். சமையலறைக்குள் போனார். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது, வெகு நேரம் கேட்டது. அந்தப் போத்தலோடுதான் திரும்பி வந்தார். கழுத்து வரை தண்ணீர். கறுப்புக் கோடு எங்கேயோ அடியில் கிடந்தது. இலை ஓரத்தில் இருந்த சொம்பில் ஊற்றினார். சொம்பு நிறைந்தது. விளிம்பில் நின்று, பிறகு வழிந்தது. இலைக்கு அடியில் ஓடி, சூப்புக் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு, தரையில் இறங்கியது.

"அம்மா, வழியுது பாருங்க. போதும்."

"இருக்கட்டும்டி" என்றார் அக்கா. போத்தலை இன்னும் சாய்த்தார்.